கொட்டாயின் சாவி யார் கையில்?

1

காஞ்சிபுரத்திலிருந்து வாலாஜாபாத் போகிற வழியில், சாலையை ஒட்டி ஒரு நெசவாளர் கிராமம். பெயரைத் தவிர்க்கிறேன். இடத்தைப் பற்றிய பேச்சு அங்கே இன்னும் முடியவில்லை. ஊருக்குள் திரும்புகிற முனையில் பழைய டூரிங் டாக்கீஸ் ஒன்று இருக்கிறது. ‘இருக்கிறது’ என்றால், முகப்புச் சுவரும், டிக்கெட் கொடுத்த இரண்டு பொந்துகளும், ஆபரேட்டர் அறையும், திரைச் சுவரும் இருக்கின்றன. கூரை போய் இருபது வருஷமாகிறது. உள்ளே ஜல்லி கொட்டி வைத்திருக்கிறார்கள். பொந்துகளுக்கு மேலே ‘ஆண்கள்’, ‘பெண்கள்’ என்று எழுதியது மட்டும் இன்னும் படிக்கும்படி இருக்கிறது. ஊர்க்காரர்கள் இன்றைக்கும் அந்த இடத்தைக் ‘கொட்டாய்’ என்றுதான் சொல்கிறார்கள். ஆறேழு வயதில் அந்த மணலில் உட்கார்ந்து நானும் படம் பார்த்திருக்கிறேன். எந்தப் படம் என்பது மறந்துவிட்டது. முன்னால் இருந்தவர் மணலைக் குவித்து உயரமாக உட்கார்ந்ததும், பின்னால் கிளம்பிய சண்டையும் நினைவிருக்கிறது.

போன வருஷம் ஓர் அமாவாசையன்று அந்தக் கொட்டாய்க்குள் பத்துப் பன்னிரண்டு பேர் கூடினோம். அமாவாசைக்குத் தறி ஓடாது, அன்றைக்குத்தான் ஆள் கிடைக்கும். நெசவாளர் சங்கத் தோழர் ஒருவர், பள்ளி ஆசிரியர், கல்லூரிப் பையன்கள் மூன்று பேர், மகளிர் குழு நடத்தும் ஓர் அக்கா, ஊர் ‘காலனி’ என்று அழைக்கும் தலித் குடியிருப்பிலிருந்து ஒரு பெரியவர். கொட்டாயை மறுபடி திறந்து ஊருக்குப் பொதுவாக நடத்த முடியுமா என்பதுதான் பேச்சு.

முதல் படம் எது என்று கேள்வி வந்தது. பையன் ஒருவன் ‘காஞ்சிவரம்’ என்றான். 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்று தேசிய விருது பெற்றது, பிரியதர்ஷன் இயக்கியது, பட்டு நெய்கிறவனுக்குத் தன் மகளுக்கு ஒரு பட்டுச் சேலை எட்டாமல் போகிற கதை. பொருத்தம்தானே என்று நானும் தலையாட்டினேன். அக்கா சிரித்துவிட்டார். “அதத்தான் தெனம் ஊட்ல பாக்கறமே தம்பி, அதுக்கு எதுக்கு கொட்டாய்க்கு வரணும்?”

அடுத்து ஆசிரியர் ஒரு செய்தி சொன்னார். நிலத்துக்காரர் வாடகை இல்லாமலே இடம் தரத் தயாராக இருக்கிறார், ஒரே நிபந்தனை: ஊர்க் கோயில் கமிட்டிதான் பொறுப்பெடுத்து நடத்த வேண்டும், சாவி அவர்களிடம்தான் இருக்கும். எல்லோரும் மகிழ்ந்தோம். பெரியவர் மட்டும் மெதுவாகக் கேட்டார்: “அப்ப நாங்க எங்க ஒக்கார்றது?”

யாருக்கும் பதில் தெரியவில்லை. அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் இந்தக் கட்டுரை.

2

கொட்டாய் என்பது என்னவாக இருந்தது என்று முதலில் பார்த்துவிட வேண்டும். நம் ஞாபகங்கள் அதன் மேல் வெல்லப் பாகு ஊற்றி வைத்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் சினிமா கட்டடத்துக்குள் நுழையும் முன்பே கூடாரத்தில் ஊர் சுற்ற ஆரம்பித்துவிட்டது. ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட் 1905இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரும் சில துண்டுப் படங்களும் வாங்கி ஊர் ஊராகக் காட்டினார். பிறகு 1914இல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டினார். அந்தச் சாலைக்கே வெரைட்டி ஹால் ரோடு என்று பேர் நின்றுவிட்டது. 1931 அக்டோபர் 31இல் ‘காளிதாஸ்’ வந்து படம் பேசத் தொடங்கிய பிறகும் கிராமத்துக்குச் சினிமா என்றால் கூடாரம்தான். கிராமங்களுக்கு மின்சாரம் போகப் போகக் கூடாரங்களும் பெருகின.

1955ஆம் ஆண்டின் சினிமா ஒழுங்குமுறைச் சட்டமும் 1957இன் விதிகளும் இந்தக் கூடாரங்களுக்குத் தனி வகை உரிமம் வைத்தன. நிரந்தரத் தியேட்டர் வேறு, டூரிங் வேறு. டூரிங் என்றால் குறிப்பிட்ட காலத்துக்குத்தான் உரிமம். காகிதத்தில் அது எப்போதும் நகர்கிற பொருள். நடைமுறையில் சுவர் எழுப்பி, மேலே ஓலையோ தகரமோ போட்டு, ஒரே ஊரில் ஒரு தலைமுறை நின்றது. சட்டத்தின் கண்ணில் தற்காலிகமாகவும் ஊரின் கண்ணில் நிரந்தரமாகவும் இருந்த இடம் என்று சொல்லலாம்.

நிரந்தரத் தியேட்டரில் இரண்டு புரொஜக்டர் மாறி மாறி ஓடும். கொட்டாயில் ஒன்றே ஒன்று. ஆயிரம் அடி கொண்ட ஒரு ரீல் ஏறத்தாழ பதினோரு நிமிஷம் ஓடும். சில ரீல்களை ஒட்டிச் சுருளாக்கி ஓட்டுவார்கள், சுருள் தீர்ந்தால் விளக்கைப் போட்டாக வேண்டும். அதனால்தான் கொட்டாயில் மூன்று நான்கு இடைவேளை. முறுக்கு விற்றது, பெண்கள் பக்கம் பிள்ளையைக் கொண்டுபோய் விட்டது, கல்யாணப் பேச்சு நடந்தது, கடன் கேட்டது எல்லாம் இந்த இடைவேளைகளில். எந்திரத்தின் போதாமை மனிதர்களுக்குப் பேச நேரம் கொடுத்தது. ஏ.சி. தியேட்டரில் தடையில்லாமல் படம் பார்க்கும் இன்றைய பார்வையாளனுக்கு அந்த நேரம் கிடையாது.

பகலில் கூடாரத்துக்குள் வெளிச்சம் வரும், ஆகவே காட்சி மாலையிலும் இரவிலும்தான். பொழுது சாயும்போது குழாய் ரேடியோவில் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. தறிக்குழியில் கால் வைத்திருப்பவனுக்கு அதுதான் கடிகாரம். பாட்டு நின்றால் படம் தொடங்கிவிட்டது. நெசவாளிக்குக் கூலி சேலைக் கணக்கில் வருவது, மாலையில் எழுந்து போனால் அந்தளவுக்குச் சேலை தள்ளிப்போகும். எனவே அவனுக்கு இரண்டாம் ஆட்டம். கோர்வை போட்டு நெய்யும் சேலைக்கு மூன்று நாடா ஓட வேண்டும், தனியாளால் ஆகாது. மறுபக்கம் ஒரு பிள்ளை உட்கார வேண்டும். தொண்ணூறுகள் வரைக்கும் காஞ்சிபுரம் வட்டாரத்தில் அந்தப் பிள்ளை பெரும்பாலும் பள்ளிக்கூடம் போகாத பிள்ளை, பெற்றவர்கள் வாங்கிய முன்பணத்துக்கு ஈடாக உட்கார்ந்த பிள்ளை. அதுவும் இரண்டாம் ஆட்டத்துக்கு வந்தது. கொட்டாயின் பொற்காலம் பற்றிப் பேசுகிறவர்கள் இதையும் சேர்த்துப் பேச வேண்டும்.

3

கா. சிவத்தம்பி தமிழ்ப் படத்தை அரசியல் தொடர்புச் சாதனமாக ஆராய்ந்து 1981இல் ஒரு சிறு நூல் வெளியிட்டார். தமிழர்கள் அனைவரும் ஒரே கூரையின் கீழ் அமர்ந்த முதல் நிகழ்த்துவெளி சினிமாக் கொட்டகை என்பது அவர் வைத்த முக்கியமான வாதம். எங்கே உட்காருவது என்பதைச் சமூகப் படிநிலை தீர்மானிக்கவில்லை, கையிலிருக்கும் காசு தீர்மானித்தது.

இந்த வாதத்தின் கனம் எங்கள் வட்டாரத்தில் இருப்பவர்களுக்கு எளிதில் புரியும். இது கூத்து பூமி. திரௌபதி அம்மன் திருவிழாவில் ராத்திரி முழுக்கப் பாரதக் கூத்து நடக்கும். காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கத்தார் 2002இல் தொடங்கிய குருகுலம் 2020 வரை பிள்ளைகளுக்குக் கூத்தும் படிப்பும் சேர்த்துச் சொல்லித் தந்தது. ஆனால் கூத்தை வரவழைப்பது ஊர். வரி போடுவது ஊர், தாம்பூலம் கொடுப்பது ஊர். ஆகவே யார் எங்கே நின்று பார்ப்பது என்பதும் ஊர் வைத்ததுதான். ‘ஊர்’ என்ற சொல்லுக்குள் யார் இருக்கிறார்கள், யார் இல்லை என்று விளக்க வேண்டியதில்லை. கொட்டாய் இந்த அழைப்பை உடைத்தது. காசு கொடுத்தவன் உள்ளே. டிக்கெட் என்பது ஒரு சின்ன உரிமைப் பத்திரம்.

அமாவாசைக் கூட்டத்தில் இதை நான் உற்சாகமாகச் சொன்னேன். பெரியவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னது: “டிக்கெட்டு வாங்கினா எவனும் கேக்க முடியாது, அது நெசந்தான். ஆனா எங்க ஒக்காரணும்னு எங்களுக்கே தெரியும்.”

தரை, பெஞ்சு, சேர் என்று மூன்று வகுப்பு. காசிருந்தால் பெஞ்சுக்கும் போகலாம், சட்டம் தடுக்கவில்லை. ஆனால் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவனின் நிலத்தில்தான் நாளைக்கு வேலை. பெண்களுக்கோ நடுவில் இடுப்பளவுச் சுவர். ஆக எழுதப்பட்ட படிநிலை போனது, எழுதப்படாதது மணலில் கோடு போட்டுக்கொண்டு இருந்தது. சிவத்தம்பியின் வாதம் தவறென்று நான் சொல்லவில்லை. அவர் கதவைப் பற்றிப் பேசினார், பெரியவர் கதவுக்கு உள்ளே இருந்ததைப் பற்றிப் பேசினார். இரண்டும் உண்மை. கொட்டாயை ‘மீட்பது’ என்று சொல்கிறவர்கள் எதை மீட்கப் போகிறார்கள் என்று தெளிவுபடுத்தியாக வேண்டும்.

இன்னொரு பக்கம் நம்மைப் போன்றவர்கள். எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1996இல் எழுதிய கட்டுரை ஒன்றில், பேசும்படம் வந்தபோது தமிழ் மேட்டுக்குடியினருக்கு ஏற்பட்ட சங்கடத்தை விவரித்தார். கீழானது என்று ஒதுக்கவும் முடியவில்லை, அதன் வீச்சை விட்டுவிடவும் மனமில்லை. எனவே அதை ‘உயர்த்த’ முனைந்தார்கள். இந்தச் சங்கடம் சிறுபத்திரிகைக்காரர்களையும் விட்டுவைக்கவில்லை. ‘நல்ல சினிமா’வைக் கிராமத்துக்குக் கொண்டுபோவது என்கிற நம் ஆசையில் தரை டிக்கெட்டுக்காரனைத் திருத்துகிற ஆசை எவ்வளவு, அவனோடு உட்காருகிற ஆசை எவ்வளவு? நான் ‘காஞ்சிவரம்’ படத்துக்குத் தலையாட்டியபோது எதைச் செய்துகொண்டிருந்தேன்?

இந்தக் கேள்வியைக் காஞ்சிபுரத்தில் வைத்துக் கேட்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறது. 1909இல் இங்கே கைத்தறி நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணாதுரை, 1942இல் இங்கிருந்து ‘திராவிட நாடு’ இதழைத் தொடங்கியவர், 1949இல் ‘நல்லதம்பி’, ‘வேலைக்காரி’ வழியாகப் படத்துக்குள் போனார். கொட்டாயில் உட்கார்ந்திருந்தவர்களைப் பொருட்படுத்தத் தக்க ஓர் அரசியல் கூட்டமாகப் பார்த்தது அவருடைய இயக்கம். அந்தக் கூட்டத்தை ரசிகர்களாகவும் பிறகு வாக்காளர்களாகவும் மாற்றியதும் அதே இயக்கம்தான். இந்த இரண்டாவது பாதியையும் மறக்கக் கூடாது.

4

கொட்டாய் ஏன் மூடியது? டி.வி. வந்ததால், என்று எல்லோரும் சொல்வார்கள். பாதி உண்மை. 1993 ஏப்ரலில் சன் டி.வி. வந்தது. 2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள் அன்று, அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. கொட்டாயில் வளர்ந்த அரசியல் திரையை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்துவிட்டது. வீட்டில் டி.வி. இருப்பது கொடுப்பினைதான், அதுவும் தனியாக இரண்டாம் ஆட்டம் போக முடியாத பெண்களுக்கு. அதைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

மற்ற பாதி வியாபாரத்தில் இருக்கிறது. அந்தக் காலத்தில் பிரதிகள் குறைவு. படம் முதலில் பெருநகரம், பிறகு காஞ்சிபுரம் போன்ற ஊர்கள், அப்புறம் பல மாதம் கழித்துக் கீறல் விழுந்த பிரதியாகக் கொட்டாய்க்கு வரும். அந்தத் தாமதத்தில்தான் கொட்டாய் பிழைத்தது, வாடகை கட்டுப்படியானது. ஒரே நாளில் நூற்றுக்கணக்கான தியேட்டரில் படத்தைப் போட்டு இரண்டு வாரத்தில் பணத்தை எடுத்துவிடும் முறை வந்ததும் ‘பழைய புதுப்படம்’ என்கிற சரக்கே இல்லாமல் போனது. அடுத்து 35 எம்.எம். பிரதிகளும் நின்று டிஜிட்டல் ஆயிற்று. புதிய எந்திரத்துக்குப் பெரும் முதல் வேண்டும். பழைய புரொஜக்டர் இரும்புக் கடைக்குப் போனது.

மூன்றாவது, நிலம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா வந்தது, 2014இல் மூடியது. நெசவாளர் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். தறியின் நேரம் போய் ஷிப்டின் நேரம் வந்தது. ஊர் முழுக்க ஒரே பொழுதில் ஓய்வாக இருப்பது என்பது இல்லாமல் போனது. சாலையோர மணல்தரை மனைக்கட்டாக விலைபோயிற்று.

நான்காவது, தீ. 1979இல் தூத்துக்குடியில் ஒரு டூரிங் டாக்கீஸ் தீப்பிடித்துப் பெண்களும் குழந்தைகளுமாகப் பலர் மாண்டார்கள். ஓலைக் கூரை, குறுகின வழி. அதற்குப் பிறகு கடுமையாக்கப்பட்ட விதிகளைச் சிவப்பு நாடா என்று நாம் எளிதாகச் சொல்லிவிடக் கூடாது. ஏழைகள் கூடுகிற இடம் என்றால் பாதுகாப்புக் குறைவாக இருந்தாலும் பரவாயில்லை என்பதும் ஒரு சாதி மனோபாவம்தான்.

5

மூடிய கொட்டகையைத் திறக்க முயன்றவர்கள் உலகத்தில் வேறு இடங்களிலும் இருக்கிறார்கள்.

பாலஸ்தீனத்தின் ஜெனின் நகரத்தில் ஒரு சினிமா, 1987இல் இன்டிபாடா எழுச்சியின்போது மூடியது. ஜெர்மானிய இயக்குநர் மார்க்கஸ் வெட்டர் முன்னின்று, வெளிநாட்டு உதவியும் தன்னார்வலர்களும் சேர்ந்து, 2010 ஆகஸ்ட்டில் அதைப் பிரமாதமாகத் திறந்தார்கள். உலகப் பத்திரிகைகள் எழுதின. உள்ளூரில் சந்தேகம்: இது யாருடைய திட்டம், யாருக்குக் காட்ட? கூட்டம் வரவில்லை. நிலமும் கட்டடமும் தனியார் சொத்தாகவே இருந்தன. விற்றார்கள். 2016 கடைசியில் இடித்து வணிக வளாகத்துக்கு வழிவிட்டார்கள்.

சூடானில் ஓம்துர்மான் நகரத்தில் நான்கு வயதான இயக்குநர்கள். 1989 ராணுவப் புரட்சிக்குப் பிறகு படமெடுக்க முடியாமல் போனவர்கள். மூடிக் கிடக்கும் ஒரு திறந்தவெளிக் கொட்டகையில் ஒரே ஒரு நாளாவது படம் காட்ட வேண்டுமென்று அலைகிறார்கள். கொட்டகையின் பெயர் ‘புரட்சி’. சுஹைப் காஸ்மெல்பாரியின் ‘மரங்களைப் பற்றிப் பேசுதல்’ (2019) ஆவணப்படம் இந்த அலைச்சலைச் சொல்கிறது. என்ன படம் பார்க்க ஆசை என்று அக்கம்பக்கத்தில் கேட்டு எழுதிக்கொள்கிறார்கள். திரையைச் சுத்தம் செய்கிறார்கள். அனுமதிதான் கிடைப்பதில்லை, ஓர் அலுவலகத்திலிருந்து இன்னோர் அலுவலகம்.

நமக்குப் பக்கத்தில் கேரளம். ‘அக்ரகாரத்தில் கழுதை’ எடுத்த ஜான் ஆபிரகாம் 1984இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு ‘ஒடேசா’ என்ற அமைப்பைத் தொடங்கினார். கிராமம் கிராமமாகப் படம் காட்டி, ஜனங்களிடம் சில்லறையாகத் திரட்டிய காசில் 1986இல் ‘அம்ம அறியான்’ வந்தது. அடுத்த வருஷம் அவர் இறந்துபோனார். ஒடேசாவுக்குக் கட்டடம் இல்லை, ஒரு புரொஜக்டரும் ஒரு துணியும்தான். ஆனால் காசு கொடுத்த ஆயிரக்கணக்கானவர்களுக்கு அந்தப் படத்தில் பங்கிருந்தது.

ஜெனினில் பணமும் கட்டடமும் இருந்தன, நிலம் ஊரின் கையில் இல்லை. ஓம்துர்மானில் ஊர்க்காரர் ஆசை இருந்தது, அனுமதி இல்லை. ஒடேசாவில் எந்தச் சொத்தும் இல்லை, பங்காளிகள் இருந்தார்கள். கொட்டகைக்குச் சாவி ஒன்றல்ல, மூன்று என்று இதிலிருந்து எனக்குப் படுகிறது: இடத்தின் சாவி, அனுமதியின் சாவி, படத்தின் சாவி.

6

அனுமதியிலிருந்து தொடங்குகிறேன். பொதுமக்களுக்குப் படம் காட்டும் இடம் எதுவானாலும் 1955 சட்டம் பொருந்தும். கலெக்டர் உரிமம், தீயணைப்பு, மின்சாரம், கட்டட உறுதி என்று ஒவ்வொன்றுக்கும் சான்று. காட்டுகிற படத்துக்கு 1952 சட்டப்படி தணிக்கைச் சான்று. பணம் வாங்காவிட்டாலும் படத்தின் உரிமையாளரிடம் ஒப்புதல். இது தவிர எழுதப்படாத அனுமதி ஒன்றுண்டு. மலக்குழித் தொழிலாளர்கள் பற்றித் திவ்யபாரதி எடுத்த ‘கக்கூஸ்’ ஆவணப்படத்தைத் திரையிட 2017இல் பல இடங்களில் போலீஸ் அனுமதி மறுத்தது. நாளைக்கு நம் கொட்டாயில் என்ன காட்டுவது என்பதை நாம் மட்டும் முடிவு செய்யப் போவதில்லை.

“கவர்மெண்டே நடத்தட்டுமே” என்றார் சங்கத் தோழர். கேரளத்தில் திரைப்பட வளர்ச்சிக் கழகம் திருவனந்தபுரத்தில் கைரளி, ஸ்ரீ, நிளா என்று தியேட்டர்கள் நடத்துகிறது. இங்கே 2014இல் சென்னை மாநகராட்சி ‘அம்மா திரையரங்கம்’ என்று அறிவித்தது, வரவில்லை. காத்திருப்பதில் பயனில்லை.

படத்தின் சாவியைப் பற்றி அக்காவிடம் கற்றுக்கொண்டேன். எந்தப் படம் போட வேண்டும் என்று நேரடியாகக் கேட்டேன். “எதுனா போடுங்க. நடுவுல அந்தச் செவுரு வேணாம். கால் நீட்டி ஒக்கார எடம் வேணும், கக்கூசு வேணும், திரும்பிப் போறப்ப தெருவுல லைட்டு எரியணும்.” நான் கதையாடல், பிரதி, பார்வையாளர் என்று பேசிக்கொண்டிருந்தபோது அவர் வெளியைப் பற்றிப் பேசினார். ஒவ்வொரு அமாவாசைக்கும் ஒரு தெரு படத்தைத் தேர்வு செய்யட்டும், சுற்றுமுறையில் எல்லாத் தெருவும், தலித் குடியிருப்பும் வரட்டும் என்று கடைசியில் பேசி வைத்திருக்கிறோம். விஜய் படம் வரலாம், எம்.ஜி.ஆர். வரலாம், ஒரு மாதம் பையன்கள் ‘அம்ம அறியான்’ போடலாம். தேர்வு செய்யும் உரிமை சுற்றி வர வேண்டும் என்பதுதான் முக்கியம்.

மீதி இருப்பது இடம். நிலத்துக்காரரின் நிபந்தனையை ஏற்றுக்கொள்ளலாம் என்று பாதிப் பேர் சொன்னார்கள். முதலில் உள்ளே போவோம், அப்புறம் மாற்றிக்கொள்ளலாம். நடைமுறைவாதம் என்ற முறையில் அதற்கு மதிப்பிருக்கிறது. ஆனால் கமிட்டியிடம் சாவி போனால் என்ன நடக்கும்? கூத்தின் அழைப்பு முறை கொட்டாய்க்குள் திரும்பி வரும். டிக்கெட் உடைத்த ஒரே ஒரு பூட்டையும் நாமே திரும்பப் போட்டுக் கொடுத்தவர்களாவோம். பழைய கொட்டாயில் பெரியவர் எங்கே உட்காருவது என்று ‘தெரிந்து’ உட்கார்ந்தார். புதியதில் அவர் உட்கார அனுமதி கேட்க வேண்டியிருக்கும். இது மீட்பு ஆகாது.

காஞ்சிபுரம் வட்டாரத்துக்குக் கூட்டுறவுச் சங்கம் புதிதல்ல. பட்டு நெசவாளர் சங்கங்கள் எத்தனையோ இருக்கின்றன, அவற்றில் நடந்த மோசடிகளும் ஊருக்குத் தெரியும். இருந்தாலும் பங்கு, உறுப்பினர், கணக்குப் பார்க்கும் உரிமை என்பதெல்லாம் நெசவாளிக்குப் பழகிய சொற்கள். எல்லாத் தெருவும் உறுப்பினராக உள்ள ஒரு சங்கம், 1975 சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யலாம். இடத்தைக் குத்தகையாக எழுத்தில் வாங்க வேண்டும், அல்லது கிராம சபையில் தீர்மானம் போட்டுப் பொது இடம் கேட்க வேண்டும். நிலத்துக்காரர் இதற்கு ஒப்பமாட்டார் என்றே நினைக்கிறேன். ஒப்பாவிட்டால் அந்தச் சுவர்கள் அப்படியே நிற்கட்டும். கொட்டாய் என்பது சுவரல்ல என்று நாம்தானே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஊருக்கும் தலித் குடியிருப்புக்கும் நடுவில் அரசுப் பள்ளி மைதானம் இருக்கிறது. இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கும் பள்ளி. மைதானத்தில் துணி கட்டிப் படம் காட்ட அனுமதி கேட்டுத் தலைமை ஆசிரியருக்கு மனு எழுதியிருக்கிறோம். கல்லூரிப் பையன்களுக்கு இதில் வருத்தம். பழைய திரைச் சுவரில் மறுபடி வெளிச்சம் விழுவதைப் பார்க்க வேண்டுமென்று அவர்களுக்கு ஆசை. எனக்கும்தான். மனுவில் முதல் கையெழுத்தை அக்கா போட்டார், இரண்டாவதைப் பெரியவர். கோயில் கமிட்டியிலிருந்தும் ஒருவர் போட்டால் நல்லது என்று பேசிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவது இடத்தைக் காலியாக விட்டு வைத்திருக்கிறோம்.